மடியை ஒட்டக் கறக்கலாமா?

இந்த முறை எல்லாக் கேள்விகளும் ஒரே சொல்லைப் பற்றியவை: ‘ஓவர்ஃபிஷிங்’. பெரும்பாலும் பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம், கடலூர் பக்கத்து வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் வாழ்கிறவர்களுக்கு இது அடுப்போடும் கடனோடும் சம்பந்தப்பட்ட சொல். அதனால் கூடுதலாக ஒரு பக்கம் எடுத்துக்கொள்கிறேன்.

கல்லூரி மாணவி, சிதம்பரம்
கேள்வி: ‘ஓவர்ஃபிஷிங்’ என்றால் ‘நிறைய மீன் பிடிப்பது’ என்று தேர்வில் எழுதலாமா?

பதில்: பாதி மதிப்பெண்தான் கிடைக்கும். ‘நிறைய’ என்பது கரையில் குவிந்திருக்கும் மீனைப் பார்த்துச் சொல்வது. ‘ஓவர்’ என்பது கடலில் மிச்சம் இருப்பதைப் பார்த்துச் சொல்வது. ஒவ்வொரு மீன் இனமும் முட்டையிட்டு, குஞ்சு வளர்ந்து, ஓர் ஆண்டில் இவ்வளவு பெருகும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தப் பெருக்கத்துக்குள் எடுத்தால் ஆயிரம் டன்னும் சரியான மீன்பிடிப்பு. தாண்டினால் பத்து டன்னும் ஓவர்ஃபிஷிங். மத்தி ஒரு வயது ஆகும்போதே முட்டையிடத் தொடங்கிவிடும். சுறா பருவத்துக்கு வரவே பல ஆண்டுகள் ஆகும், அதன் பிறகும் சில குட்டிகள்தான். மத்திக்குத் தாங்கும் பிடி சுறாவுக்குத் தாங்காது. ‘மீண்டும் பெருகுவதைவிட வேகமாகப் பிடிப்பது’ என்று எழுதுங்கள், முழு மதிப்பெண் வரும்.

தமிழாசிரியர், புவனகிரி
கேள்வி: இதற்கு நல்ல தமிழ்ச் சொல் என்ன?

பதில்: ‘மிகைமீன்பிடிப்பு’ என்று அறிக்கைகளில் எழுதுகிறார்கள். பொருள் சரி, ஆனால் வாயில் நிற்கவில்லை. அன்னங்கோயில் இறங்குதளத்தில் நின்று இந்தச் சொல்லைச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

நம் வீட்டுத் தொழுவத்தில் இதற்கு ஒரு சொல் பல தலைமுறையாக இருக்கிறது: ஒட்டக் கறப்பது. மாடு வைத்திருக்கும் எந்த அம்மாவைக் கேட்டாலும் சொல்வார், கன்றுக்கு ஒரு காம்பாவது விட்டுத்தான் கறக்க வேண்டும் என்று. கடைசிச் சொட்டுவரை கறந்தால் அன்றைக்குச் செம்பு நிறையும், கன்று மெலியும். கன்று போனால் நாளைக்கு மாடு ஏது?

இதில் இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. மாட்டுக்கும் மடி, வலைக்கும் மடி. இழுவை வலையின் கடைசியில் மீன் சேரும் பை போன்ற பகுதியை மீனவர்கள் மடி என்றுதான் சொல்கிறார்கள். இழுவை மடி, இரட்டை மடி, சுருக்குமடி என்ற வலைப் பெயர்களிலும் அந்தச் சொல் இருக்கிறது. ஆகவே என் பரிந்துரை: அறிக்கையில் ‘மிகைமீன்பிடிப்பு’ இருக்கட்டும், பேச்சில் ‘கடலை ஒட்டக் கறப்பது’ என்று சொல்லுங்கள். விளக்கம் சொல்லாமலே புரியும்.

பள்ளி மாணவன், பரங்கிப்பேட்டை
கேள்வி: ‘ஓவர்’ வந்தாலே ‘அளவுக்கு மீறி’ என்றுதானே பொருள்? அப்படியானால் ‘ஓவர்டேக்’?

பதில்: நல்ல இடத்தில் கை வைத்தாய், தம்பி. ‘டேக்’ என்றால் எடுப்பது. ஆனாலும் ‘ஓவர்டேக்’ என்றால் அளவுக்கு மீறி எடுப்பது ஆகாது, முந்திச் செல்வதுதான். ‘ஓவர்லுக்’ என்றால் கவனிக்காமல் விடுவது. ‘ஓவர்சீ’ என்றால் மேற்பார்வை பார்ப்பது. இவற்றில் ‘ஓவர்’ என்பது ‘மேலே’ அல்லது ‘தாண்டி’ என்ற இடத்தைக் குறிக்கிறது. ஓவர்ஃபிஷ், ஓவர்கிரேஸ், ஓவர்ஈட், ஓவர்லோட் என்ற வரிசையில்தான் அது அளவைக் குறிக்கிறது. நாம் ‘ரொம்ப ஓவராப் போறான்’ என்று சொல்வது இந்த இரண்டாவது ஓவர்.

போட்டித் தேர்வு எழுதுபவர், கடலூர்
கேள்வி: இதை வாக்கியத்தில் எப்படிப் பயன்படுத்துவது? ‘மீனை ஓவர்ஃபிஷ் செய்தான்’ என்று வருமா?

பதில்: ஒரு மீனை ஓவர்ஃபிஷ் செய்ய முடியாது. இந்த வினைக்குச் செயப்படுபொருளாக வருவது கடல், விரிகுடா, ஏரி, அல்லது ஓர் இனத்தின் மொத்தத் தொகுதி. ‘மன்னார் வளைகுடாவை ஓவர்ஃபிஷ் செய்தார்கள்’ என்று எழுதலாம், ‘சுறாத் தொகுதியை ஓவர்ஃபிஷ் செய்தார்கள்’ என்றும் எழுதலாம். இலக்கணமே ஒரு செய்தி சொல்கிறது பாருங்கள். பிடிபட்டது மீன், அடிபட்டது கடல்.

‘ஓவர்ஃபிஷிங்’, ‘ஓவர்ஃபிஷ்டு’ இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முன்னது இப்போது நடந்துகொண்டிருக்கும் செயல். பின்னது அந்த மீன் தொகுதியின் இன்றைய நிலை. நேற்றுவரை ஒட்டக் கறந்து இன்று நிறுத்தினால் ஓவர்ஃபிஷிங் நின்றுவிட்டது, ஆனால் கடல் இன்னும் ஓவர்ஃபிஷ்டு. காய்ச்சல் விட்டும் உடம்பு தேறவில்லை என்பதுபோல.

ஃபைபர் படகு மீனவர், அன்னங்கோயில் பக்கம்
கேள்வி: நாங்க நாலு பேரு விடியக்காலையில போய் பத்து மணிக்குத் திரும்புறோம். டீசலுக்கே பத்தாத பாடு. எங்களையும் சேத்து ‘ஓவர்ஃபிஷிங்’னு சொல்றாங்களே, இது நியாயமா?

பதில்: நியாயம் இல்லை, ஐயா. இந்தச் சொல்லின் பெரிய குறையே அதுதான். செயலைச் சொல்கிறது, செய்தவரைச் சொல்வதில்லை. ‘கடல் ஓவர்ஃபிஷ் ஆகிவிட்டது’ என்று செய்தி வந்தால், தூண்டில் போட்டவரும் அடிக்கடலை வாரி இழுத்தவரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.

பிச்சாவரம் பக்கத்து இருளர்கள் கழிமுகத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கைக்கு ஓர் இறால். அந்தக் கை எப்படிக் கடலை ஒட்டக் கறக்கும்? இழுவைப் படகின் வலை கடலின் தரையோடு போகிறது. வழியில் உள்ள இறால், நண்டு, சங்கராக் குஞ்சு, நட்சத்திர மீன், சிப்பி எல்லாம் ஒரே மடியில் வந்து விழுகின்றன. விலை போகாதது கோழித்தீவன ஆலைக்குப் போகிறது. மனிதன் சாப்பிடும் அளவுக்கு வளர்ந்திருக்க வேண்டிய குஞ்சு, கிலோ சில ரூபாய்க்குத் தூளாகிறது. எனக்கு இதைவிடப் பெரிய நஷ்டக் கணக்கு தெரியாது.

உங்கள் குறை பழைய குறை. 1863-ல் பிரிட்டனில் சிறு மீனவர்கள் இதே புகாரைத்தான் சொன்னார்கள்: இழுவை வலைக்காரர்கள் குஞ்சு குட்டியோடு வாரிக்கொண்டு போகிறார்கள் என்று. அரசு ஓர் ஆணையம் அமைத்தது. தாமஸ் ஹக்ஸ்லி என்ற பெரிய விஞ்ஞானி அதில் இருந்தார். 1866-ல் வந்த அறிக்கை, கடலில் மீன் பிடிக்க இருந்த கட்டுப்பாடுகளையே எடுத்துவிடச் சொன்னது. 1883-ல் லண்டன் மீன்வளக் கண்காட்சியில் அதே ஹக்ஸ்லி, பெரிய கடல் மீன்வளங்கள் அநேகமாகத் தீராதவை என்று பேசினார். அன்றைக்குச் சரியாகச் சொன்னவர்கள் தூண்டில்காரர்கள்.

நம் பக்கத்தில் இழுவை மடி பெரிய அளவில் வந்தது, 1952-ல் ஒப்பந்தமாகிக் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் தொடங்கிய இந்திய–நார்வே திட்டத்துக்குப் பிறகுதான். இறால் ஏற்றுமதியில் பணம் கொட்டியது, விசைப்படகு பெருகியது, கரையோரத்தில் மோதலும் பெருகியது. அந்த மோதலிலிருந்து வந்ததுதான் 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம். கரையிலிருந்து 3 கடல் மைல், அதாவது சுமார் ஐந்தரைக் கிலோமீட்டர், கட்டுமரத்துக்கும் நாட்டுப் படகுக்கும் என்று அது ஒதுக்கியது. அந்த எல்லையை யார் தாண்டுகிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். சுனாமிக்குப் பிறகு பல கிராமங்களில் இழந்த கட்டுமரங்களைவிட அதிகமான ஃபைபர் படகுகள் வந்து இறங்கின. கொடுத்தவர்களின் மனம் நல்ல மனம், சந்தேகம் இல்லை. ஆனால் படகு கூடியது, கடல் கூடவில்லை. சிறு கண் வலையைச் சிறு படகில் கட்டினாலும் அது சிறு கண் வலைதான்.

சுருக்குமடி பங்குதாரரின் மனைவி, கடலூர்
கேள்வி: நகை எல்லாம் வைத்து, ஊரில் பலர் பங்கு போட்டுச் சுருக்குமடி வாங்கினோம். இப்போது நாங்கள்தான் கடலை அழிக்கிறோம் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அம்மா, உங்கள் கடனை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு செட் சுருக்குமடிக்கு வலை, படகு, இன்ஜின் எல்லாம் சேர்த்துப் பெரும் தொகை போகிறது. பல குடும்பங்களின் சேமிப்பு அதில் இருக்கிறது.

ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். சுருக்குமடி, மேலே கூட்டமாகத் திரியும் மத்தியையும் கானாங்கெளுத்தியையும் சுற்றி வளைத்து, கீழே பையின் வாயைச் சுருக்கி, கூட்டத்தை முழுதாக எடுக்கும். கூட்டத்தில் ஒன்றுகூட மிஞ்சாது. பக்கத்து ஊர்க்காரர்களின் வலைக்கு அன்றைக்கு ஒன்றும் படாது. தேவனாம்பட்டினத்திலிருந்து நாகை வரை ஊருக்கு ஊர் இதனால்தான் சண்டை. தமிழ்நாடு அரசு 2000-ல் இதைத் தடை செய்தது. 2023 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு போட்டது: 12 கடல் மைலுக்கு அப்பால் மட்டும், திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை, பதிவு செய்த படகு, கண்காணிப்புக் கருவியோடு.

கடல் தெரிந்தவர்கள் இந்த நேரக் கணக்கைப் பார்த்துத் தலையசைக்கிறார்கள். 12 மைல் போய், வளைத்து, 12 மைல் திரும்பப் பத்து மணி நேரம் எப்படிப் போதும் என்று கேட்கிறார்கள். அது நியாயமான கேள்வி. என் தீர்ப்பு இது: கரையோரத்தில் சுருக்குமடி கூடவே கூடாது. அதை விட்டு வெளியே வருபவர்களின் கடனுக்கு அரசு வழி செய்ய வேண்டும். பாக் நீரிணையில் இழுவைப் படகை விட்டு ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு மாறுவதற்கு 2017-ல் 1,600 கோடி ரூபாய்த் திட்டம் போட முடிந்ததல்லவா? கடலூருக்கும் அப்படி ஒரு வழி கேட்பதில் தவறே இல்லை.

மீன் வியாபாரி அம்மா, பரங்கிப்பேட்டை
கேள்வி: சினை நண்டுக்குத்தான் வெளியூர்க்காரர்கள் அதிக விலை தருகிறார்கள். அதையும் தப்பு என்கிறாரே என் பேத்தி?

பதில்: பேத்தி சரியாகப் படித்திருக்கிறாள். ஓவர்ஃபிஷிங்கில் இரண்டு வகை முக்கியம். வளர விடாமல் குஞ்சையே பிடிப்பது ஒன்று. பெற விடாமல் தாயையே பிடிப்பது இன்னொன்று. வயிற்றின் அடிப்பக்கம் முட்டையைக் கொத்தாகச் சுமந்துகொண்டு வரும் பெண் நண்டு இருக்கிறதே, அதன் ஒரு கொத்தில் லட்சக்கணக்கான முட்டை. அதில் மிகச் சில உயிர்தான் நண்டாக வளரும். அந்தச் சிலவற்றை நம்பித்தான் அடுத்த ஆண்டின் உங்கள் கூடை இருக்கிறது. பரங்கிப்பேட்டை என்றாலே நண்டு என்று பெயர் வாங்கிய ஊர். அந்தப் பெயரைக் காப்பாற்ற, முட்டை வெளியே தெரியும் நண்டை உயிரோடு வலையிலிருந்து எடுத்துத் திரும்ப விடும் வழக்கம் வர வேண்டும். வாங்குகிறவர் விலை கொடுப்பதை நிறுத்தினால் ஒரே பருவத்தில் வந்துவிடும்.

விசைப்படகு ஓட்டுநர், முடசலோடை
கேள்வி: ஆண்டுக்கு 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறதே, அது போதாதா?

பதில்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. 2001-ல் தமிழ்நாட்டில் தொடங்கியபோது 45 நாள், பிறகு 61 ஆனது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஜூன் 15 விடிந்ததும் அத்தனை படகும் ஒரே நேரத்தில் கிளம்பி, இரண்டு மாதம் வளர்ந்த குஞ்சை இரண்டு வாரத்தில் வாரினால் என்ன மிச்சம்? விரதம் இருந்துவிட்டு மறுநாள் பானையோடு உண்பது போலாகும். தடைக்காலம் மூச்சுவிட நேரம் தருகிறது. மீதிப் பத்து மாதமும் வலைக்கண்ணின் அளவுதான் காப்பாற்ற வேண்டும்.

1946-ல் லண்டனில் பல நாடுகள் கூடிப் பேசின. அந்த மாநாட்டுக்குப் பெயரே ‘ஓவர்ஃபிஷிங் மாநாடு’. பேசி முடித்துப் போட்ட உடன்படிக்கை எதைப் பற்றி? வலைக்கண்ணின் அளவும், பிடிக்கலாகும் மீனின் நீளமும். போர் நடந்த ஆண்டுகளில் வடகடலில் படகு போக முடியாமல் மீன் பெருகியதை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். முதல் உலகப் போருக்குப் பின்னும் அப்படித்தான் நடந்தது.

கடல் உயிரியல் மாணவர், பரங்கிப்பேட்டை
கேள்வி: இந்தியக் கடலில் பெரும்பாலான மீன் தொகுதிகள் நல்ல நிலையில் உள்ளன என்று ஓர் அறிக்கை படித்தேன். அப்படியானால் இவ்வளவு பதற்றம் எதற்கு?

பதில்: நீங்கள் சொல்வது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை. 2022-ல் அவர்கள் மதிப்பிட்ட 135 தொகுதிகளில் 91.1 சதவீதம் நலமாக உள்ளன என்றார்கள். உலக அளவில் ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு சொல்வது வேறு: 1974-ல் சுமார் 10 சதவீதமாக இருந்த ஓவர்ஃபிஷ்டு தொகுதிகள் 2021-ல் 37.7 சதவீதம் ஆயின. நம் நிலை மேல் என்பது சந்தோஷமான செய்திதான். வெப்பக் கடல் மீன்கள் சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் பெருகுவதும் நமக்குக் கை கொடுக்கிறது.

ஆனால் அந்தக் கணக்கு ஒரு மாநிலம், ஒரு பெரும் கடற்பகுதி என்ற அளவில் போடப்படுவது. வெள்ளாற்று முகத்துவாரத்தில் ஒரு ஃபைபர் படகுக்கு இன்று எத்தனை கிலோ பட்டது என்பதை அது சொல்லாது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். மொத்தத் தொகுதி நலம், இந்தக் கரையில் சட்டி காலி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் உங்கள் ஊரில், ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. பக்கத்திலேயே இறங்குதளங்கள் இருக்கின்றன. பத்து ஆண்டு தொடர்ந்து, ஒரே இறங்குதளத்தில், மீனின் நீளத்தை அளந்து எழுதுங்கள். அந்த நோட்டுக்கு எந்த அறிக்கையும் ஈடாகாது.

மத்திப் பிரியர், சிதம்பரம்
கேள்வி: கேரளத்தில் மத்தி காணாமல் போனது ஓவர்ஃபிஷிங்கினாலா, பருவநிலையினாலா?

பதில்: இரண்டும். 2012-ல் கேரளத்தில் மத்திப் பிடிப்பு கிட்டத்தட்ட 4 லட்சம் டன். 2021-ல் 3,297 டன். எல் நினோவால் கடல் சூடேறியதும், இரை குறைந்ததும் பெரிய காரணம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். ஏற்கெனவே குஞ்சுகள் வாரப்பட்டிருந்த கடல் அந்த அடியைத் தாங்கவில்லை. இந்தச் சரிவின் நடுவிலேயே கேரளம் பாடம் கற்றது. 2017 வாக்கில் 58 இனங்களுக்குக் குறைந்தபட்ச நீளம் விதித்தது: மத்தி 10 சென்டிமீட்டர், கானாங்கெளுத்தி 14, வஞ்சிரம் 50. அதற்குக் கீழே பிடித்தால் குற்றம். பரங்கிப்பேட்டை ஏலக்கூடத்திலும் அப்படி ஓர் அளவுகோல் தொங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஓய்வுபெற்ற எழுத்தர், சேத்தியாத்தோப்பு
கேள்வி: ஒரு கடலில் ஓர் இனம் அடியோடு நின்றுபோன உதாரணம் உண்டா?

பதில்: கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து. ஐந்து நூற்றாண்டு காட் மீன் பிடித்த கடல். 1992 ஜூலை 2 அன்று அரசு மீன்பிடிப்பை நிறுத்தியது. இரண்டு ஆண்டுக்கு என்று சொன்ன தடை. விலக 2024 ஆயிற்று. முப்பதாயிரம் பேர் அளவில் ஒரே நாளில் வேலை இழந்தார்கள்.

வரலாற்று ஆர்வலர், பரங்கிப்பேட்டை
கேள்வி: எங்கள் ஊர் வரலாற்றில் ‘ஓவர்’ போட்டுச் சொல்லக்கூடிய வேறு ஏதாவது உண்டா?

பதில்: உண்டு, இரும்பாலை. போர்ச்சுக்கீசியர் வைத்த ‘போர்ட்டோ நோவோ’ என்ற பெயரை உலகம் அறிந்தது துணி வணிகத்தாலும் 1781 ஜூலையில் ஐதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட்டும் மோதிய போராலும் மட்டும் இல்லை. 1830 வாக்கில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இங்கே இரும்பு உருக்காலை தொடங்கினார். தாது சேலம் பக்கத்திலிருந்து வந்தது. உருக்க நிலக்கரி இல்லை, மரக்கரிதான். ஒரு டன் இரும்புக்குப் பல டன் கரி, அந்தக் கரிக்கு அதைப் போலப் பல மடங்கு மரம். உலை காட்டைத் தின்ற வேகத்துக்குக் காடு வளரவில்லை. கரி கிடைப்பது வரவரச் சிரமமாயிற்று. நிர்வாகக் கோளாறும் பணமுடையும் சேர்ந்துகொண்டன. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஆலை மூடப்பட்டது. மீனுக்குச் சொன்ன கணக்குதான் மரத்துக்கும்.

விவசாயி, நெய்வேலி பக்கம்
கேள்வி: நிலத்தடி நீருக்கும் இதே சொல் வருமா?

பதில்: அங்கே ‘ஓவர்எக்ஸ்ப்ளாய்டட்’ என்று வரும். தமிழில் ‘அதிநுகர்வு’ என்கிறார்கள். கணக்கு இன்னும் தெளிவாக இருக்கும். ஓர் ஆண்டில் எடுக்கத்தக்க நீரில் 70 சதவீதம்வரை எடுத்தால் பாதுகாப்பு, 90 தாண்டினால் அபாயம், 100 தாண்டினால் அதிநுகர்வு. கடலோரத்தில் அதிநுகர்வு நடந்தால் கிணற்றில் உப்பு நீர் ஏறும். நாக்கே சொல்லிவிடும். மீனில் அந்த எச்சரிக்கை இல்லை. குறைந்துகொண்டே போகும்போதும், கிடைக்கும் மீன் பழைய ருசியோடுதான் இருக்கும்.

பாட்டி, கிள்ளை (பேரன் கைப்பட எழுதியது)
கேள்வி: எங்க காலத்துல முழங்கை நீளம் கொடுவா சும்மா வரும். இப்பப் பசங்க கையளவு மீனைப் பாத்தே ‘பெரிய மீனு’ங்குதுங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்குதுங்க.

பதில்: பாட்டி, நீங்கள் சொன்னதை அறிவியலும் சொல்கிறது. டேனியல் பாலி என்ற மீன்வள அறிஞர் 1995-ல் எழுதினார்: ஒவ்வொரு தலைமுறை மீன்வள விஞ்ஞானிகளும் தாங்கள் வேலை தொடங்கியபோது கண்ட கடலையே முழுக் கடல் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அதற்கு முன்னால் எவ்வளவு இருந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. மற்றவர்களுக்கும் அப்படித்தான். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது யார் கண்ணிலும் படுவதில்லை. ஒட்டக் கறப்பது தொடர்வதற்கு இதுவும் ஒரு காரணம். பேரனே, நீ இந்தக் கடிதத்தை எழுதியதுபோல் பாட்டி சொல்லும் மீன்களின் பெயரையும் நீளத்தையும் மாதத்தையும் ஒரு நோட்டில் எழுதி வை. எந்த ஓடையில், எந்தக் காற்றில் பட்டது என்பதையும் கேட்டு எழுது. பரங்கிப்பேட்டை மையத்து மாணவர் ஒருவர் ஒருநாள் அதைத் தேடி வருவார்.

குடும்பத் தலைவி, சிதம்பரம்
கேள்வி: வாரம் மூன்று நாள் எங்கள் வீட்டில் மீன். என்னால் ஆகக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. மீனை விட வேண்டாம், மீனவர் வீட்டு அடுப்பும் எரிய வேண்டும். சிறிய மீன் வேறு, குஞ்சு மீன் வேறு என்று தெரிந்துகொள்ளுங்கள். நெத்திலியும் காரப்பொடியும் வளர்ந்தாலும் அவ்வளவுதான், தாராளமாக வாங்கலாம். ஆனால் ‘குட்டி வஞ்சிரம், முள் இருக்காது, குழந்தைக்கு நல்லது’ என்று சொல்லித் தருவார்கள். அது முட்டையே இட்டிருக்காத மீன். விரல் நீளச் சங்கராவும் அப்படித்தான். முட்டை கொத்தாகத் தொங்கும் நண்டையும் தொடாதீர்கள்.

அடுத்த முறை கடையில் அந்தக் குட்டி வஞ்சிரத்தைக் காட்டினால், ‘இது வேணாங்க, பெருசானப்புறம் கொண்டாங்க’ என்று சொல்லிவிட்டு நெத்திலி வாங்கிக்கொண்டு வாருங்கள்.